வலது கால் பெருவிரல்

வலது கால்ம்மா. நீ இடதுன்னு டைப் அடிச்சுண்டு வந்திருக்கே. இதோ பாரு, ரெண்டாவது பக்கம், லெஃப்ட் ஃபுட்னு போட்டிருக்கு. கேஸே ஒரு விரலைப் பத்தினது. அதுலயும் காலை மாத்திப் போட்டா ஜட்ஜு என்ன நெனைப்பார்? வேணும்னா சாக்ஸைக் கழட்டிக் காட்டறேன். வேண்டாமா? சரி, வேண்டாம். வரவாள்லாம் காட்டு காட்டும்பா, காட்டினா மூஞ்சியைத் திருப்பிப்பா.

முரளி உங்கிட்ட என்ன சொன்னான்? அஞ்சு நிமிஷ வேலை, அம்மா கையெழுத்துப் போட்டுடுவான்னா? சொல்லுவான். அவனுக்கு ஹிஞ்ஜேவாடில கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்துண்டு எல்லாமே அஞ்சு நிமிஷ வேலை. நான் முழுக்கப் படிக்காம போட மாட்டேன். மாயவரத்துல படிச்ச எஸ்.எஸ்.எல்.சி. நான். இங்கிலீஷ் படிப்பேன், மெதுவா. நீ தமிழ் பேசறாப்பல. கோச்சுக்காதேடீம்மா, விளையாட்டுக்குச் சொன்னேன். மகாதேவன் பொண்ணு, பூனாலயே பொறந்து வளந்தவ, லா படிச்சு கறுப்புக் கோட்டு போட்டுண்டு இவ்வளவு தமிழ் பேசறதே பெரிசு. புரியலேன்னா நிறுத்து, ஹிந்தில சொல்றேன்.

இதோ, இங்க. கம்பெல்டுன்னு போட்டிருக்கே. என் மாட்டுப்பொண் கட்டாயப்படுத்தினதால நான் அந்தப் பார்லருக்குப் போனேன்னு அர்த்தமா? யார் சொன்னா இப்படி எழுதச் சொல்லி? முரளியா? அவன் அங்க இருந்தானா? ஸ்ரீரஞ்சனி என்னைக் கையைக் காலைக் கட்டியா தூக்கிண்டு போனா? அடிம்மா அதை. பேனாவால அடி, நான் பாக்கறேன்.

எப்படின்னு கேக்கறயா? சொல்றேன்.

போன ஆனி மாசம் எங்காத்து மாமாவுக்கு அறுபது. ஃபாக்டரில சார்ஜ்மேனா இருந்து அந்த மாசம்தான் ரிடையர் ஆனார். சஷ்டியப்தபூர்த்தியை நன்னாப் பண்ணணும்னு முரளிக்கு ஆசை. கட்கில ஹால் பிடிச்சான். ஒரு நாள் சாயந்தரம் நான் கட்டில்ல காலை நீட்டிண்டு பூ தொடுத்துண்டிருக்கேன், ரஞ்சனி வந்து பக்கத்துல உக்காந்தா. என் காலை எடுத்து மடில வெச்சுண்டா. ஆமா, மடியிலதான். அம்மா, அன்னிக்கு அத்தனை பேரும் உங்களுக்கு நமஸ்காரம் பண்ணுவா, பாதத்தைப் பாருங்கோ, பாளம் பாளமா வெடிச்சிருக்கு, நகமெல்லாம் மஞ்சப் பூத்துக் கெடக்கு, என்னோட ஒரு நாள் வாங்கோன்னா. நான் போடின்னேன். வேண்டாம்னு சொன்னேன், உண்மைதான். ஆனா எந்தப் பொம்மனாட்டி முதல் தடவையே சரின்னு சொல்லியிருக்கா, சொல்லு? மனசுக்குள்ள ஆசைதான். முப்பத்தஞ்சு வருஷமா இந்தக் காலை யார் திரும்பிப் பாத்தா? தண்ணி லாரி வந்தா ஓடினது, ரேஷன் கடை க்யூவில நின்னது. ஒரு பொண்ணு மடில வெச்சுண்டு பாத்தது அதான் முதல்.

வியாழக்கிழமை ஆட்டோ பிடிச்சு ஔந்த் ரோடு போனோம். பேரு வேண்டாம், அதான் நீ எழுதியிருக்கியே. உள்ள ஏஸி, ரோஸ் வாசனை, ஆளுசரக் கண்ணாடி. அந்தப் பெரிய நாற்காலில ஏறி உக்காந்தா மகாராணி மாதிரி இருக்கு. கீழ வந்தனான்னு ஒரு பொண்ணு, இருபத்திரெண்டு இருபத்திமூணு இருக்கும், முக்காலில உக்காந்துண்டு என் காலை நீலத் தொட்டில முக்கினா. இங்கதான் நீ எழுதினதுல ஒண்ணு சரியா இருக்கு. எனக்கு முன்னாடி ஒருத்தி அதே தொட்டில காலை வெச்சிருந்தா. தண்ணியைக் கொட்டினா, ஆனா தேய்ச்சு அலம்பலை. அந்தக் குறடு, கத்தி, ராவற கட்டை எல்லாம் ஒரு டவல்ல துடைச்சா, எனக்குப் பண்ண ஆரம்பிச்சுட்டா. நம்மாத்துல அரிவாமணையே அலம்பாம அடுத்த காய் நறுக்க மாட்டோம். எனக்குச் சுருக்குன்னுது. சொல்லலை. எல்லாரும் பளபளன்னு உக்காந்திருக்கா, நான் மட்டும் எப்படிச் சொல்றது?

குதிகாலைப் பிளேடால சீவினா. நகத்துக்கு அடில சதையைக் குச்சியால தள்ளித் தள்ளி வெட்டினா. அது வேண்டாத சதைன்னா. வேண்டாத சதையை பகவான் ஏன் வெக்கறான்? டாக்டர் பின்னாடி சொன்னார், அந்தச் சதைதான் வாசக்கதவு மாதிரியாம், வெளில இருக்கறது உள்ள போகாம பாத்துக்குமாம். அதை அழகா இருக்கட்டும்னு வெட்டி எறிஞ்சுடறா. என் பெருவிரல் நகம் ஓரத்துல உள்ளுக்குள்ள வளைஞ்சு இருக்கும். அதை ஒரு கூர் வெச்ச சாமானால நோண்டி எடுத்தா. துக்தே கான்னா. வலிக்கறதான்னு. நை, பில்குல் நைன்னேன். பெருமையா வேற சொன்னேன். நெஜமாவே வலிக்கலைம்மா. ரத்தம் ஒரு பொட்டு வந்தது, பஞ்சால ஒத்தி எடுத்தா, அப்பறம் அது மேல கலர். மாம்பழக் கலரா, மெரூனான்னு கேட்டா. நான்தான் மெரூன்னேன். கூரைப்புடவைக்கு மேட்சா இருக்கும்னு.

நன்னா இருந்ததும்மா. பொய் சொல்ல மாட்டேன். ஆத்துக்கு வந்து நாலு தடவை புடவையைத் தூக்கித் தூக்கிப் பாத்துண்டேன்.

ஞாயித்துக்கிழமை ஃபங்ஷன். அறுபத்திநாலு கலசத் தண்ணியை எங்க ரெண்டு பேர் தலைல கொட்டினா. வெளில ஆனி மழை, உள்ள ஹால் பூரா ஈரம். காலைலேர்ந்து மத்தியானம் ரெண்டு மணி வரைக்கும் ஈரக்காலோட நின்னேன். அதுக்கப்பறம் வந்தவாளைக் கவனிக்கறது, ரயிலேத்தறது. காலைப் பாக்க யாருக்கு நேரம்? பாத்தாலும் என்ன தெரியும்? மெரூன் கலர்தான் தெரியும். உள்ள அது கறுத்துண்டு போறது. மேல பளபளன்னு பெயிண்ட். நீயும் போட்டிருக்கே, கைல. இருக்கட்டும், மறைக்காதே. நான் ஒண்ணும் சொல்லலை. மாசத்துக்கு நாலு நாளாவது அழிச்சுட்டு நகத்தைப் பாரு, அவ்வளவுதான்.

எட்டாம் நாளோ ஒம்பதாம் நாளோ மாமா கேட்டார், கட்டிலுக்கு அடில எலி ஏதாவது செத்துக் கெடக்கா, நாத்தம் வரதேன்னு. நானும் அவரும் சேர்ந்து கட்டிலை நகத்தினோம். பெட்டியெல்லாம் வெளில எடுத்தோம். ஒண்ணும் இல்லை. ஃபினாயில் போட்டுத் தொடைச்சேன். அடுத்த நாளும் நாத்தம். ரஞ்சனி ஆபீஸ்லேர்ந்து வந்தா, ரூம்ல நின்னா, கண்ணை மூடிண்டு மோந்து பாத்தா. நேரா எங்கிட்ட வந்து காலைக் காட்டுங்கோம்மான்னா. அவளோட அந்தக் கலர் அழிக்கற மருந்தைக் கொண்டு வந்து பஞ்சுல தொட்டுத் தொட்டு அழிச்சா. பெருவிரல் நகத்துல அழிக்கறா, அழிக்கறா, கலர் போகவே மாட்டேங்கறது. அப்பறம்தான் புரிஞ்சுது, கலர் எப்பவோ போயாச்சு, அது நகம். அவ அழலை. பஞ்சைக் கீழ வெச்சா, ஃபோன் எடுத்தா, ஆட்டோ கூப்பிட்டா.

ஆஸ்பத்திரில ரத்தம் எடுத்துப் பாத்தா சுகர் நானூத்திப் பத்து. டாக்டர் முரளியைத்தான் பாத்தார். அம்மாவுக்கு எத்தனை வருஷமா இருக்குன்னார். எங்கம்மாவுக்கு சுகரே கெடையாதேன்னு இவன் முழிச்சான். சில பேருக்குத் தெரியாமலே இருந்துண்டிருக்கும், காலுக்கு உணர்ச்சி போயிடும், கத்தி பட்டாலும் வலிக்காதுன்னு அவரே பாடம் நடத்தினார். சுகர்காராளோட கால்ல வெளி ஆள் கத்தியே வெக்கப்படாதாம். முதல்ல நகத்தை எடுத்தா. நிக்கலை. மேல ஏறறதுன்னா. அடுத்த விரல்ல மெட்டி வீங்கிப்போய்க் கழட்ட வரலை, கட்டரால வெட்டினா. அது டக்குனு விழுந்த சத்தம் கேட்டுது. பெருவிரலை எடுத்த சத்தம் கேக்கலை, மயக்க மருந்து.

இருபத்தொரு நாள் இருந்தேன். பெருவிரல்தானே, என்ன பெரிசுன்னு நெனைப்பே. நடந்து பாரு தெரியும். ஒரு பக்கமா இழுத்துண்டு போறது. செருப்புக் கடைக்காரன் செருப்பை மாட்டிவிட்டான், முன் வளையத்துல நுழைக்க விரல் இல்லை, அவன் பாவம் என் மூஞ்சியைப் பாக்காம டப்பாவை மூடினான். போதாக்குறைக்கு நாத்தனார் விசாலம் சென்னைலேர்ந்து ஃபோன். இந்த வயசுல அபயத்துக்கு எதுக்கு நகத்துக்குக் கலர்னு, என் பேரைச் சொல்லி. கேட்டாளே பாரு ஒரு கேள்வி. எனக்குப் பத்திண்டு வந்தது. சாமி கும்பிடப் போய் காலை ஒடைச்சுண்டிருந்தா பரவாயில்லை, அழகு பண்ணிக்கப் போய் ஒடைச்சுண்டா தப்பு.

அந்தப் பார்லர்காரி மேடம் என்ன பண்ணினா தெரியுமா? எங்க கடைல எல்லாம் சுத்தம், இந்தப் பொண்ணுதான் புதுசு, கவனம் இல்லைன்னு வந்தனா தலைல போட்டு வேலையை விட்டு அனுப்பிட்டா. தொட்டியை அலம்ப நேரம் கொடுத்தாளா அந்த மேடம்? ஒருத்தி எழுந்தா அடுத்தவளை உக்கார வெப்பா, நான் கண்ணால பாத்தேன். வேணும்னா அதை எழுது. பெரிசா எழுது.

முரளியா? முரளி ரஞ்சனி தலைல போட்டான். எல்லாருக்கும் போட ஒரு தலை வேண்டியிருக்கு. முதல்ல லேசா ஆரம்பிச்சான். உன் ஃபேஷன்தான்னான். அப்பறம் சாப்பிடும்போது, டிவி பாக்கும்போது. என் கால் கட்டைப் பாக்கற போதெல்லாம் அவளை ஒரு பார்வை பாப்பான்.  ஆஸ்பத்திரி நர்ஸ்கிட்ட இன்சுலின் ஊசி போடக் கத்துண்டு வந்தது அவதான். காலைல ஏழு மணி, ராத்திரி எட்டு மணி. வயத்துல போடறது. கையால கிள்ளிப் பிடிச்சுண்டு, அம்மா, பாருங்கோ, ஆச்சு ஆச்சும்பா. இப்போ மாமா போடறார். சரியாக் கிள்ளிப் பிடிக்கத் தெரியலை. நேத்திக்கு ஊசி வளைஞ்சுடுத்து.

தீபாவளிக்கு அவ அப்பா அம்மா சிஞ்ச்வட்லேர்ந்து வந்திருந்தா. சூர்யநாராயணன் நல்ல மனுஷர், அதிர்ந்து பேச மாட்டார். அவர் எதிர்லயே முரளி சொன்னான், உங்க பொண்ணு எங்கம்மாவை அழகு பண்ணக் கூட்டிண்டு போய் நொண்டியாக்கிட்டான்னு. ஸ்வீட் தட்டு அப்படியே இருக்கு. அவர் எழுந்து நின்னுட்டார். ரஞ்சனி உள்ள போய் ஒரு பையை எடுத்துண்டு வந்தா. எந்தெந்த வேளைக்கு எத்தனை யூனிட், எந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாடின்னு எழுதி ஃப்ரிட்ஜ்ல ஒட்டினா. நமஸ்காரம் பண்ணினா. இந்தக் காலுக்கேதான். போயிட்டா. சிஞ்ச்வட் என்ன லண்டனா? கட்கில ஏறினா நாலாவது ஸ்டேஷன். ரெண்டரை மாசம் ஆச்சு. இவன் போய்க் கூப்பிடலை, அவ வரலை.

நான் ஏன் ஒண்ணும் சொல்லலையா? நல்ல கேள்வி கேட்டே. வக்கீல்னு நிரூபிச்சுட்டே.

இரு. அந்த ஏழாவது பாராவைப் படி. நீ படி, சத்தமா. ஆங். என் உடம்பைப் பத்தி, எனக்கிருக்கற வியாதியைப் பத்தி, பார்லர்ல ஒருத்தரும் ஒரு கேள்வியும் கேக்கலைன்னு. அதான் இந்தக் கேஸுக்கு முக்கியம்னு முரளி சொன்னான். ஆமாவா? அது நின்னாத்தான் எல்லாம் நிக்குமா?

வந்தனா ஒரு நாள் இங்க வந்தா. வேலை போன அடுத்த வாரம். அவ வீடு இங்கதான், போபோடி மார்க்கெட் சந்துக்குப் பின்னாடி. முரளி கதவைத் தொறந்தவன் உள்ளயே விடலை. ஹிந்தில கத்தினான். அந்தப் பொண்ணு படில எறங்கிண்டே என்னமோ சொல்லிண்டு போனா. மீ விசாரலம் ஹோத்தம், காகூ, மீ விசாரலம் ஹோத்தம்னு. உனக்கு மராட்டி தெரியுமே. நான் கேட்டேனே, நான் கேட்டேனேன்னு. முரளி பொய் பேசறா பாருன்னான். நான் கட்டில்ல சுவர் பக்கம் திரும்பிப் படுத்துண்டேன்.

கேட்டாம்மா அவ. காலைத் தண்ணில வெக்கறதுக்கு முன்னாடியே கேட்டா. காகூ, ஷுகர் ஆஹே கான்னா. மாமி, சுகர் இருக்கான்னு. அழகாத்தான் கேட்டா. நான் நைன்னேன்.

ஏழு வருஷமாத் தெரியும் எனக்கு. கணபதி மண்டபத்துல ஒரு தடவை இலவச கேம்ப் போட்டா, எதிராத்து கோதைக்குத் துணையாப் போனேன், எனக்கும் விரல்ல குத்திட்டா. அங்க இருந்த டாக்டர் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். மாமாகிட்ட சொல்லலை. ஏன்னா எங்கம்மா. அவளுக்கும் இதேதான், கும்பகோணத்துல முழங்காலுக்குக் கீழ எடுத்தா. அதுக்கப்பறம் எங்காத்துல அவளை ஒருத்தரும் பேர் சொல்லிக் கூப்பிடலை, சக்கரைக்காரின்னா. சக்கரைக்காரிக்குத் தட்டு வெச்சாச்சா, சக்கரைக்காரி தூங்கறாளா. நான் கேட்டுண்டே வளந்தேன். கட்கி பஜார்ல யாருக்கும் தெரியாத மெடிக்கல் ஷாப்ல மாத்திரை வாங்குவேன். தலை சுத்தினா ஒண்ணு போட்டுப்பேன், சுத்தலைன்னா விட்டுடுவேன்.

அப்பறம் பொண்ணு பாக்கப் போனோமா, சிஞ்ச்வட்டுக்கு. சூர்யநாராயணன் கேட்டார், மாமிக்கு சுகர் ஏதாவது உண்டா, இருந்தா காபியை வேற மாதிரி கலக்கச் சொல்றேன்னு. அவ்வளவுதான் கேட்டார். மனுஷர் காபிக்காகக் கேட்டார். நான் எங்காத்துல யாருக்கும் அந்த ராசியே கெடையாதுன்னுட்டேன். சபைல சொல்லியாச்சு. சொன்னப்பறம் எப்படி மாத்தறது? ரஞ்சனி வந்த நாள்லேர்ந்து எனக்கு ரெண்டு ஸ்பூன் சக்கரை போட்டு டம்ளர்ல நுரையோட கொண்டு வந்து கொடுப்பா. நானும் குடிச்சேன், நாலு வருஷம். பார்லர்ல அடுத்த நாற்காலில அவ உக்காந்திருந்தா. அவ காதுல விழறாப்பல நான் ஆமான்னு எப்படிச் சொல்லுவேன்?

நீ எழுதறதை நிறுத்திட்டியே. எழுதும்மா.

நேத்திக்கு வரைக்கும் கையெழுத்துப் போட்டுடலாம்னுதான் இருந்தேன். ஒளிக்காம சொல்றேன். மத்தியானம் ஃபோன் அடிச்சுது, ரஞ்சனி. போனவ அதுவரைக்கும் ஒரு தடவை கூடப் பேசலை. மாமா நன்னா ஊசி போடறாரான்னா. போடறார்னேன்.  அப்பறம் சொன்னா, அம்மா, வெந்தய டப்பாவுக்கு அடில இருக்கே மாத்திரை, அது தேதி முடிஞ்சது, ஞாபகமா தூக்கிப் போட்டுடுங்கோ, யார் கண்லயாவது படப்போறதுன்னா. வெச்சுட்டா.

நான் ஆஸ்பத்திரில இருந்த இருபத்தொரு நாளும் அவதானே சமைச்சா. வெந்தயம் எடுத்திருப்பா. அப்போ தீபாவளி அன்னிக்கு இவன் கத்தினபோது அவளுக்குத் தெரியும். அவ அப்பா எழுந்து நின்னபோதும் தெரியும். வாயைத் தொறக்கலை.

கேஸ் நிக்காதுங்கறயா? நிக்காட்டாப் போகட்டும். தொட்டி அலம்பலைன்னு போடு, அது நெஜம். கத்தியை டவல்ல துடைச்சான்னு போடு, அதுவும் நெஜம். வந்தனா கேட்டான்னும் போடு. கேட்டா, நான் இல்லைன்னேன். இங்கிலீஷ்ல எப்படி எழுதணுமோ எழுதி எடுத்துண்டு வா, அதுல போடறேன் கையெழுத்து.

எங்க எழுந்துக்கறே? உக்காரு. முரளி ஆறரைக்கு வந்துடுவான். அவங்கிட்டயும் இதைச் சொல்லணும், அது வரைக்கும் இரு. நீ எதிர்ல இல்லைன்னா நான் பாதிதான் சொல்லுவேன்.